தினமும் கவிழ்க்க முடியாத தொட்டி வேண்டாம்

கேள்வி: டாக்டர், நாங்கள் சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். மகனுக்கு 5 வயது, மகளுக்கு இப்போதுதான் 2 முடிந்தது. விடுமுறைக்காக என் கணவர் காற்றடித்து நிறுத்தும் நீச்சல் தொட்டி ஒன்று வாங்கி வந்திருக்கிறார். 10 அடி அகலம், 76 செ.மீ. உயரம், கூடவே பம்பும் சின்ன ஏணியும். இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. "பாதிதான் தண்ணீர் விடுவோம், பின்பக்கம் முழுக்க வேலி இருக்கிறது, அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், பார்த்துக்கொள்ள நாலு பேர் இருக்கும்போது என்ன பயம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. தொட்டியைச் சுற்றித் தனியாக வேலி போட வேண்டும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், உண்மையா? இதை எல்லாம் அத்தையிடம் பேசினால், நான் பிள்ளை வளர்க்காதவளா என்று வருத்தப்படுவாரோ என்றும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் பயம் நியாயமானது. பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பது நல்லதாய்ப் போயிற்று. பில்லைத் தேடி எடுங்கள், இந்த வாரமே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என் பதில் இவ்வளவுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதைத்தான் கீழே கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறேன், உங்கள் கணவரையும் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் ஒன்று. தண்ணீர் விளையாட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. மேற்கு சிட்னியில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கோடையைத் தாண்டுவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். 2020 ஜனவரி 4-ஆம் தேதி பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது, அந்த மாதிரி நாளில் பிள்ளைகள் தண்ணீரைத் தேடாமல் வேறு எதைத் தேடும்? உங்கள் கணவர் ஆசையாக வாங்கி வந்ததில் தப்பே இல்லை, அவர் வாங்கிய அளவுதான் தப்பு.

10 அடி அகலமும் 76 செ.மீ. உயரமும் உள்ள தொட்டியில் ஏறத்தாழ 3,800 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதாவது கிட்டத்தட்ட 4 டன். பாதி நிரப்பினாலும் 2 டன். இதை யாராவது தினமும் சாயங்காலம் கொட்டிவிட்டு மறுநாள் திரும்ப நிரப்புவார்களா? மாட்டார்கள், அதற்காகத்தானே கூடவே பம்ப் வருகிறது. ஒரு தடவை நிரப்பினால் அது ஜனவரி முழுக்க அங்கேயே நிற்கும். பிள்ளைகள் அதில் விளையாடுவது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. மீதி 22 மணி நேரமும் அந்தத் தண்ணீர் உங்கள் சமையலறைக் கதவிலிருந்து பத்துத் தப்படி தூரத்தில் காவல் இல்லாமல் கிடக்கும். விளையாடும் நேரத்தைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறோம், நானோ இந்த 22 மணி நேரத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறேன். காலையில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருப்பீர்கள், பெரியவன் டிவி பார்த்துக்கொண்டிருப்பான், சின்னவளுக்கு நேற்று விளையாடிய மஞ்சள் வாத்து தண்ணீரில் மிதப்பது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரியும், கொசுவலைக் கதவை நகர்த்தக் கற்றுக்கொண்ட வயசு அது, மாமா துணி காயப்போடப் போனபோது பூட்டாமல் வந்திருப்பார். இதில் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. எல்லார் வீட்டிலும் தினமும் நடப்பதுதான்.

இரண்டு வயசுக் குழந்தையின் உயரம் சுமார் 85 செ.மீ. தொட்டிச் சுவர் 76 செ.மீ., நெஞ்சுக்கு மேலே வருகிறதே, எப்படி ஏறும் என்று தோன்றலாம். காற்றடித்த சுவர் செங்கல் சுவர் மாதிரி நிற்காது. குழந்தை அதன் மேல் சாய்ந்து உள்ளே கை நீட்டினாலே சுவர் அமுங்கும். அந்த வயசில் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது, கனமானது, அதனால் எட்டிப் பார்க்கிற குழந்தை தலைகுப்புறத்தான் விழும். விழுந்தபின் கையை ஊன்றித் தலையைத் தூக்கத் தோள்களில் பலம் இருக்காது. ஏணியை அங்கேயே விட்டிருந்தால் இவ்வளவு சிரமம்கூடக் குழந்தைக்கு இல்லை.

இன்னொன்று, நம்மில் பலர் மனசில் தவறாகப் பதிந்துபோன விஷயம். மூழ்கும் குழந்தை கத்தாது. கையை ஆட்டிக் கூப்பிடாது. மூச்சு விடவே வழியில்லாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? பெரிதாகத் தண்ணீர் தெறிக்கக்கூடச் செய்யாது. "சத்தம் கேட்டால் ஓடிப்போய்விடுவேன்" என்று நம்பித்தான் எத்தனையோ பேர் உள்ளே போகிறார்கள். நினைவு தப்ப ஒன்றிரண்டு நிமிடம் போதும், நாலைந்து நிமிடம் ஆக்சிஜன் இல்லாமல் போனால் மூளை சேதமாகத் தொடங்கிவிடும். அவசரப் பிரிவுக்கு இப்படி வருகிற பெற்றோர்கள் எல்லாரும் சொல்வது ஒரே வாக்கியம், "இப்பத்தான் டாக்டர் பார்த்தேன், ஒரு நிமிஷம்தான்." அவர்கள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் 2001 முதல் 2009 வரை இந்த மாதிரி இடம் மாற்றி வைக்கக்கூடிய தொட்டிகளில் நடந்த விபத்துகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் 209 பிள்ளைகள் இறந்திருந்தார்கள். விபத்துக்குள்ளானவர்களில் 94 சதவீதம் 5 வயதுக்குக் குறைந்தவர்கள். முக்கால்வாசி விபத்துகள் அந்தந்தக் குழந்தையின் சொந்த வீட்டுத் தோட்டத்திலேயே நடந்தவை, ஆற்றிலோ கடலிலோ அல்ல. அந்தக் கணக்கில் முழங்கால் உயரத் தண்ணீர் பிடிக்கும் சின்னத் தொட்டிகளும் இருந்தன, அதை மறைக்க விரும்பவில்லை, சின்னதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். 2025 ஜூலையிலும் அமெரிக்காவில் தரைக்கு மேல் நிறுத்தும் சுமார் 50 லட்சம் பெரிய தொட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். தொட்டியின் கால்களைச் சுற்றி வெளிப்பக்கம் இழுத்துக் கட்டியிருந்த பட்டையில் கால் வைத்து ஏறி, 22 மாதம் முதல் 3 வயது வரையுள்ள 9 குழந்தைகள் உள்ளே விழுந்து இறந்திருக்கக்கூடும் என்பதுதான் காரணம். அவை நான்கடியும் அதற்கு மேலும் உயரமானவை! உயரம் காப்பாற்றும் என்று நம்பக்கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, வேலி விஷயத்துக்கு வருவோம். பக்கத்து வீட்டில் சொன்னது உண்மைதான். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992-ஆம் ஆண்டின் நீச்சல்குளச் சட்டப்படி, 30 செ.மீ.க்கு மேல் தண்ணீர் பிடிக்கக்கூடிய எந்தக் குளத்துக்கும் குழந்தை தாண்ட முடியாத தடுப்பு வேண்டும். மண்ணில் தோண்டிக் கட்டியதா, காற்றடித்து நிறுத்தியதா என்ற பேதம் இல்லை. "பாதிதான் விடுவோம்" என்ற பேச்சு இங்கே எடுபடாது, ஏனென்றால் சட்டம் பார்ப்பது நீங்கள் இன்று எவ்வளவு நிரப்பினீர்கள் என்பதை அல்ல, அந்தத் தொட்டி எவ்வளவு பிடிக்கும் என்பதை. அது சரியான விதி என்றுதான் நானும் நினைக்கிறேன். இன்று பாதி விட்டவர்கள், பெரியவன் "இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சும்போது நாளைக்கு முக்கால் விடுவார்கள்.

தடுப்பு என்றால் ஏனோதானோ என்று கட்டும் வலை இல்லை. குறைந்தது 1.2 மீட்டர் உயரம், கீழே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது, வெளிப்பக்கம் 90 செ.மீ. தூரத்துக்குள் கால் வைத்து ஏறும்படி நாற்காலி, பூந்தொட்டி, மரக்கிளை எதுவும் இருக்கக்கூடாது, கதவு வெளிப்பக்கம் திறந்து தானாகவே மூடித் தானாகவே தாழ் விழ வேண்டும், அந்தத் தாழ் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். குளத்தைப் பதிவும் செய்ய வேண்டும். உங்கள் கணவர் சொல்லும் பின்பக்க வேலி தெருவிலிருந்து வரும் குழந்தையைத்தான் தடுக்கும். உங்கள் குழந்தை உள்ளேயிருந்து வருகிறாள், அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது கொசுவலைக் கதவு ஒன்றுதான். தடுப்பு வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்க வேண்டும். நீங்கள் இருப்பது வாடகை வீடு வேறு, வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிக்காமல் அவர் தோட்டத்தில் வேலி நட முடியாது. 80, 100 டாலர் தொட்டிக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்து வேலி போட யாருக்கும் மனசு வராது, போடாமல் வைத்தால் சட்டத்துக்கும் புறம்பு, குழந்தைக்கும் ஆபத்து. அதனால்தான் எடுத்த எடுப்பிலேயே திருப்பிக் கொடுங்கள் என்றேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், விக்டோரியாவிலும் குயின்ஸ்லாந்திலும் இதே 30 செ.மீ. கணக்கு உண்டு, குயின்ஸ்லாந்தில் 2,000 லிட்டருக்கு மேல் பிடித்தாலோ வடிகட்டும் பம்ப் இருந்தாலோகூடப் போதும், வேலி கட்டாயம். சந்தேகம் இருந்தால் உங்கள் கவுன்சிலுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

மேலே விரிக்கும் பிளாஸ்டிக் மூடியை வாங்கிவிட்டால் சரியாகிவிடுமா என்று உங்கள் கணவர் அடுத்ததாகக் கேட்பார். ஆகாது. அது குப்பை விழாமல் இருக்கவும் சூடு தங்கவும் போடுவது. குழந்தை அதன் மேல் கால் வைத்தால் உள்ளே போய்விடும், மூடி மேலே வந்து மூடிக்கொள்ளும், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஆள் இருப்பதே தெரியாது. மூடி இல்லாததைவிட அது மோசம்.

"பார்த்துக்கொள்ள நாலு பேர் இருக்கிறோம்" என்கிறாரே, அந்த வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது. நம் வீடுகளில் ஆள் கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தண்ணீர் விஷயத்தில் அது அப்படியே தலைகீழ். பிறந்தநாள் விழாவுக்கு இருபது பேர் வந்திருப்பார்கள், பிள்ளைகள் தண்ணீரில் இருப்பார்கள், சித்தப்பா பார்க்கிறார் என்று அத்தையும், அத்தை பார்க்கிறார் என்று சித்தப்பாவும் நினைத்துக்கொண்டிருப்பார்கள், ஒருவர் பிரியாணியை எடுத்து வைக்கப் போவார், ஒருவர் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பக் குனிந்திருப்பார். நாலு பேர் பார்த்தால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒருவர் பார்க்க வேண்டும், அது யார் என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும். அவர் கையில் போன் இருக்கக்கூடாது, காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பது கூடாது, 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைக் கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், மாற்றும்போது வாயைத் திறந்து பேர் சொல்லிச் சொல்லுங்கள்: "மாமா, இப்போ நீங்க பாக்குறீங்க, நான் உள்ளே போறேன்." அவர் சரி என்று சொன்னபின்தான் நகர வேண்டும். கதவு மணி அடித்தால், அடுப்பில் பால் பொங்கினால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். பால் பொங்கினால் பொங்கட்டும். அப்புறம், உங்கள் ஐந்து வயது மகனிடம் "தங்கச்சியைப் பார்த்துக்கோ" என்று ஒரு நாளும் சொல்லாதீர்கள். அது அவன் சுமக்கக்கூடிய பொறுப்பு இல்லை, ஏதாவது நடந்தால் வாழ்நாள் முழுக்கச் சுமப்பான்.

இப்போது அந்தப் பெரிய தொட்டிக்குப் பதில் என்ன? 30 செ.மீ.க்குக் குறைவாகப் பிடிக்கும் கெட்டி பிளாஸ்டிக் குட்டித் தொட்டி கடைகளில் கிடைக்கும், ஒரு ஆள் தனியாகத் தூக்கிக் கவிழ்க்க முடிகிற அளவு. அதில் 10, 15 செ.மீ. தண்ணீர் விடுங்கள், உட்கார்ந்து அளைய அது தாராளம். இதற்குச் சட்டப்படி வேலி தேவையில்லை. அதற்காக இது ஆபத்தில்லாதது என்று அர்த்தமில்லை, குப்புற விழுந்து மூக்கும் வாயும் மூழ்க 5 செ.மீ. தண்ணீர் போதும். இதை நான் சொல்வதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான், இதைக் கவிழ்த்துவிட முடியும். விளையாட்டு முடிந்தது, பிள்ளைகளை வெளியே எடுத்தாயிற்று, துண்டால் துடைப்பதற்கு முன்னாலேயே தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்குக் கொட்டுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து கொட்டலாம் என்று வைக்காதீர்கள், அந்தச் சாப்பாட்டு நேரம்தான் ஆபத்து. கொட்டியபின் தொட்டியைக் குப்புறப் போட்டோ சுவரில் சாய்த்தோ கராஜில் வையுங்கள். மல்லாக்க விட்டால் ராத்திரி பெய்யும் மழையில் அது தானாகவே நிரம்பியிருக்கும், காலையில் முதலில் கண்டுபிடிப்பது உங்கள் மகளாகத்தான் இருக்கும். பொம்மைகளையும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் தண்ணீரையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நம் ஆட்கள் எங்கே போனாலும் குளியலறையில் ஒரு வாளி நிரப்பி வைக்கும் பழக்கத்தை விடுவதில்லை. எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகீழாக விழுந்தால் வாளி சாயாது, குழந்தையால் வெளியே வரவும் முடியாது. துணி ஊறப்போட்ட பக்கெட், விருந்து முடிந்து ஐஸ் கரைந்து நிற்கும் எஸ்கி (ஐஸ் பெட்டி), எல்லாவற்றையும் அவ்வப்போது கொட்டிவிடுங்கள். பின்கதவில் பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் ஒரு தாழ் போட வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

மகனை நீச்சல் வகுப்பில் சேர்க்கலாம், கண்டிப்பாகச் சேருங்கள், மகளையும் இந்த வயசிலேயே தண்ணீர்ப் பழக்க வகுப்புக்குக் கூட்டிப்போகலாம். ஆனால் வகுப்புக்குப் போகிறாள் என்பதற்காக ஒரு நிமிடம்கூடக் கண்ணை எடுக்க முடியாது. கையில் மாட்டும் காற்றடித்த வளையங்கள் விளையாட்டுப் பொருள், உயிர் காக்கும் பொருள் இல்லை. கழன்றுபோகும், காற்றும் இறங்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குழந்தையைக் காணவில்லை என்றால் கட்டிலுக்கு அடியில் தேடாதீர்கள், முதலில் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு ஓடுங்கள். அசைவில்லாமல் இருந்தால் தூக்கிக் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள், கத்தி ஆள் கூப்பிடுங்கள், ஒருவர் இந்த நாட்டு அவசர எண்ணான 000-க்கு அடித்து போனை ஸ்பீக்கரில் போடட்டும். ஊரில் நாம் பார்த்தது போலக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, தோளில் போட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். வயிற்றிலிருந்து வரும் தண்ணீரால் ஒரு பயனும் இல்லை, அது வாந்தியாகி மூச்சுக்குழாயில் போய்விடும், விலைமதிப்பில்லாத நேரமும் போய்விடும். மூச்சு இல்லை, அல்லது எப்போதாவது விக்கலாக இழுக்கிறது என்றால் உடனே சிபிஆர் தொடங்க வேண்டும்: நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், நெஞ்சு மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில், பிறகு வாயோடு வாய் வைத்து மெதுவாக 2 மூச்சு, நெஞ்சு எழும்புகிறதா என்று பார்த்து, மறுபடி 30. மூழ்கிய குழந்தைக்கு இல்லாமல் போனது மூச்சுதான், அதனால் அந்த இரண்டு மூச்சை விட்டுவிடக்கூடாது. வாந்தி எடுத்தால் பக்கவாட்டில் திருப்பித் துடைத்துவிட்டுத் தொடருங்கள். ஆம்புலன்ஸ்காரர் கை மாற்றும்வரை அல்லது குழந்தை மூச்சு விடும்வரை நிறுத்தாதீர்கள். குழந்தை அழுது எழுந்து உட்கார்ந்துவிட்டால்கூட மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும், நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் கூடும். இதைப் படித்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. ராயல் லைஃப் சேவிங், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்றவர்கள் நடத்தும் வகுப்பில் பொம்மை மேல் அழுத்திப் பார்க்க வேண்டும், எவ்வளவு பலமாக அமுக்க வேண்டும் என்று அப்போதுதான் கைக்குத் தெரியும். நீங்களும் கணவரும் சேர்ந்தே போங்கள்.

நீங்கள் வேலைக்குப் போனபின் பகலில் பிள்ளைகளோடு இருக்கப்போவது பெரியவர்கள் இருவரும்தான். அவர்களுக்கு ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் 000-க்கு அடித்து "ஆம்புலன்ஸ்" என்றும், பிறகு "தமிழ்" என்றும் சொல்லிவிட்டு லைனிலேயே இருக்கச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். வீட்டு முகவரியைப் பெரிய எழுத்தில், ஆங்கில உச்சரிப்பைத் தமிழில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பதற்றத்தில் தெருப் பெயர் யாருக்கும் வாயில் வராது. ஒரு தடவை ஒத்திகை மாதிரி அவர்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

அத்தையிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டீர்கள். அவருக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியும், உங்கள் கணவரையே வளர்த்தவர், அதைச் சொல்லியே தொடங்குங்கள். விதி, சட்டம், செ.மீ. எதுவும் அவரிடம் வேண்டாம். ஊரில் கொல்லைக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் ஏன் கட்டினார்கள், மேலே ஏன் கம்பி வலை போட்டார்கள் என்று அவர் உங்களைவிட நன்றாக அறிவார். அந்தக் கிணறு திறந்து கிடந்தால் ரெண்டு வயசுப் பேத்தியைப் பக்கத்தில் விட்டுவிட்டு அவர் அடுப்படிக்குப் போவாரா? "அத்தை, அவர் வாங்கிட்டு வந்தது கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு மாதிரி இருக்கு, எனக்குப் பயமா இருக்கு, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவர் கேட்பார்" என்று சொல்லிப் பாருங்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் பெட்டி காரில் ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன்.